கிளீன் ரூமில் குங்குமம்

வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

கடுகில் பாதிகூட இருக்காது. விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கண்ணில் கோளாறு இல்லை. முகமூடி போட்டிருந்ததால் மோந்து பார்க்க முடியாது. ஆனால் நம் ஊரில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சிவப்பை மோந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. குங்குமம்.

குங்குமம் ஒன்றும் விஷம் இல்லைதான். ஆனால் அது வந்த இடம் சரியில்லை. வேறொரு கிரகத்து மண்ணைப் பூமிக்குப் பத்திரமாகக் கொண்டுவருவதற்காக நாங்கள் செய்திருந்த டப்பாவின் வெளிப்பக்கத்தைத் துடைத்தபோது வந்தது அது. உள்ளே இருக்கும் தூசி எதுவும் வெளிப்பக்கம் வரக்கூடாது என்பதற்காகவே செய்த டப்பா. வெளியில் இருக்கும் தூசியும் அதைத் தொடக்கூடாது. எந்த வழியில் பார்த்தாலும் அங்கே குங்குமத்துக்கு வேலை இல்லை.

எனக்குப் பின்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். அந்த டப்பாவைக் கையுறைக்குள் கைவிட்டு இயக்குகிறவள் அவள்தான்.

"இன்னா மேடம், பாஸா?" என்றாள்.

"இரு," என்றேன்.

ஒழுகுகிறதா என்று பார்ப்பவள்

போன வாரம் குக்கர் வளையங்களோடு என் கதையை நிறுத்தியிருந்தேன். அதற்குள் ஒரு வாசகர், "குக்கரிலிருந்து விண்வெளிக்கு எப்படிப் போனீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நான் எங்கும் போகவில்லை. பஸ்ஸில் தொழிற்பேட்டைக்குப் போனேன், சாயங்காலம் ரெட்டியார்பாளையத்துக்குத் திரும்பி வந்தேன். 

நான் விஞ்ஞானி இல்லை. ஒழுகுகிறதா என்று பார்ப்பவள். முதலில் குக்கர் வளையம் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். அப்புறம் கேஸ் சிலிண்டரின் வால்வு, அப்புறம் ஆஸ்பத்திரி ஆக்சிஜன் குழாய். கடைசியில் இது. வேலை ஒன்றேதான். சம்பளமும் ஏறக்குறைய ஒன்றேதான்.

தூசியைப் பற்றி எனக்கு முதலில் தெரியவந்தது எங்கள் வீட்டில். அப்பா பஞ்சாலையில் இருந்தார். வேலை முடிந்து வந்தால் அம்மா அவரைப் பின்வாசலில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள், தலையை உதறச் சொல்வாள், குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். அப்படியும் ரசத்தில் பஞ்சு மிதக்கும். அம்மா அப்பாவை முறைப்பாள். அப்பா பஞ்சை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார்.

எங்கள் கம்பெனி சின்னது. முதலாளி லூர்துநாதன் பழைய பிரெஞ்சுக் குடும்பத்தவர். எல்லோரும் அவரை 'முசே' என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். கோபம் வந்தால் பிரெஞ்சில் பேசுவார், விருந்தாளி வந்தால் ஆங்கிலத்தில் பேசுவார், சம்பள உயர்வு இல்லை என்பதை மட்டும் நல்ல தமிழில் சொல்வார். மனுஷர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பார், ஒரே கடை, ஒரே ஸ்வீட்.

நாயும் பையும்

இந்த டப்பாவின் கதையை விளக்கினால்தான் மேலே போக முடியும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன்.

செவ்வாயில் மண் அள்ளி ஒரு பந்துக்குள் அடைத்து, மேலே சுற்றும் விண்கலத்துக்கு அனுப்புவார்கள். பந்தின் வெளியே முழுக்க அந்த ஊர்த் தூசி. அதில் உயிருள்ளது ஏதாவது இருக்குமா? பெரும்பாலும் இருக்காது என்கிறார்கள். 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு பூமியில் எதையும் இறக்க முடியாது. எனவே, பந்தை இன்னொரு டப்பாவில் போட்டு மூடவேண்டும். மூடுகிற டப்பாவின் வெளிப்பக்கம் ஒரு கணம்கூட அந்தத் தூசியைப் பார்த்திருக்கக் கூடாது.

எங்கள் டிசைனர் குணசேகரன் இதற்கு ஒரு உதாரணம் வைத்திருந்தார். காலையில் பீச் ரோட்டில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாய் காரியத்தை முடித்ததும், பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, பையாலேயே அதைப் பிடித்து, பையை உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். கையிலும் படாது, பையின் வெளியிலும் படாது. "அவ்ளோதான் மேட்டர். அதையே டைட்டானியத்துல பண்றோம்," என்பார்.

தில்லியிலிருந்து வந்த ஓர் அதிகாரியிடம் இதை அப்படியே சொல்லிவிட்டார். அன்றைக்கு முசே பிரெஞ்சில் நிறையப் பேசினார். 

எங்கள் ஏற்பாடு இப்படி: ஒரு செங்குத்துச் சுவர். அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம். சுவரில் ஒரு கிண்ணம் பதித்திருக்கும், அதன் வாய் அழுக்குப் பக்கம், முதுகு சுத்தப் பக்கம். பந்து அழுக்குப் பக்கத்திலிருந்து வந்து கிண்ணத்தில் உட்காரும். மூடி வந்து 'டக்' என்று அறைந்து பொருந்தும். விளிம்பைச் சூடாக்கினால் அங்கே வைத்திருக்கும் உலோகம் உருகி, கிண்ணத்தையும் மூடியையும் ஒட்டிவிடும். பிறகு டப்பா சுவரிலிருந்து கழன்று சுத்தப் பக்கமாக வந்துவிடும். மூடியின் வெளி ஓடு மட்டும் சுவரிலேயே தங்கி, டப்பா விட்டுப்போன ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

அந்த டப்பா பூமியில் இறங்கும்போது பாராசூட் கிடையாது. இதைக் கேட்டால் எல்லோரும் பதறுகிறார்கள், நானும் பதறினேன். குணா சொன்னார்: "பாராசூட் விரியலன்னா இன்னா பண்ணுவீங்க? அப்பவும் உடையக் கூடாதுல்ல? அப்படி ஒண்ணு செஞ்சுட்டா அப்புறம் பாராசூட் எதுக்கு?" கிரேனில் கட்டித் தூக்கி எங்கள் பின்புறத் திடலில் ஒரு மாதிரி டப்பாவைப் போட்டுப் பார்த்தோம். தரையில் பள்ளம் விழுந்தது, எதிர் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் விழுந்தது, டப்பா உடையவில்லை. முசே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். டம்ளருக்கு மன்னிப்புக் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள்.

இவ்வளவும் சோதனைக்காகச் செய்த மாதிரிதான். இது சரியென்று விண்வெளி மையத்துக்காரர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த கட்டம் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஊரில் வேறு கம்பெனிக்கு.

கண்ணாடியில் பொட்டுகள்

கிளீன் ரூமுக்குள் போவதற்கு முன்னால் ஓர் உடை மாற்றும் அறை உண்டு. அங்கே பூ, பவுடர், விபூதி, குங்குமம், எல்லாம் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும். பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துச் சுவர்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து அவரவர் பொட்டை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். அவரவர் பொட்டு எது என்பதில் சண்டை வந்ததில்லை. அந்தக் கண்ணாடியில் யாரும் முழு முகம் பார்த்ததும் இல்லை.

இந்த விதிகளையெல்லாம் எழுதியவர் குணாதான். தவளக்குப்பம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். கறுப்புச் சட்டைக்காரர், கொள்கையில் கெட்டி. அவருடைய கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். தாலி கிடையாது, ஐயர் கிடையாது, ஓமப் புகை கிடையாது. அதற்குப் பதிலாக மைக் இருந்தது. பசியோடு மத்தியானம் வரை பேச்சுக் கேட்டோம். புகையே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் டிசைனில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த டப்பாவைப் பற்றிப் பேசும்போது 'நம்ம ஆளு' என்பார். வேறு எதைப் பற்றியும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

பொரி பாக்கெட்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் மையத்துக் குழு வருவதாக இருந்தது. கடைசி சோதனையை விடுமுறை முடிந்து செய்துவிட்டு, ஒட்டிய டப்பாவை முழுசாக அவர்கள் முன்னால் வைக்கவேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைப்பது, குங்குமம் எடுத்து வைப்பது எல்லாம் செல்விதான். பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் மிஷின் மிஷினாகப் போய் வைத்தாள். லேத்துக்கு, கம்ப்ரசருக்கு, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு, தராசுக்கு, முசேயின் காருக்கு, தண்ணீர் மோட்டாருக்கு. காபி மிஷினுக்குக்கூட வைத்தாள். கிளீன் ரூம் கதவுக்கு வெளியே ஒரு கண்ணாடித் துண்டில் மட்டும் வைத்தாள், கதவில் வைக்கக் கூடாது என்று விதி. பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரையும்விடப் பயபக்தியோடு கைகூப்பி நின்றவர் முசே. குணா தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொரி பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

விடுமுறை கழிந்து வந்து சோதனை செய்தோம். பந்து ஒழுங்காக உள்ளே போனது. மூடி அறைந்தது. உலோகம் உருகியது. டப்பா கழன்று சுத்தப் பக்கம் வந்தது. பந்தின் மேல் பூசியிருந்தது ஊதா விளக்கில் பச்சையாக மின்னும் ஒரு பொடி, செவ்வாய்த் தூசிக்குப் பதிலாக. விளக்கைக் காட்டிப் பார்த்தோம். டப்பாவின் வெளியே பச்சை இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டி முடித்த பிறகு துணியால் துடைத்துப் பார்ப்பது என் பழக்கம். விளக்கு பொய் சொல்லும் என்று இல்லை. குக்கர் காலத்துப் பழக்கம்.

அப்போதுதான் சிவப்பு.

"கை பட்டிருக்கும்"

முசேயின் அறையில் உட்கார்ந்து பேசினோம். அவர், நான், குணா. முசேவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"சந்தேகமே இல்ல. அந்தப் பொண்ணு குங்குமம் கொழச்சா. நக இடுக்குல இருந்துருக்கும். டப்பாவ எடுக்கறப்ப கை பட்டிருக்கும்."

"குங்குமம் குழைக்க மாட்டாங்க முசே, சந்தனம்தான் குழைப்பாங்க," என்றேன். "அதுவும் நடுவுல லீவு. குளிச்சிருப்பா. ரெண்டு உறை போட்டிருந்தா."

"பண்டிகையில வீட்டுலயும் வெச்சிருப்பா. உறை போடும்போது பட்டிருக்கும். அலோர்." இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றால் அவர் அப்படித்தான் முடிப்பார்.

அவர் சொன்னதில் ஒரு வசதி இருந்தது, அதை மறைக்காமல் சொல்லவேண்டும். யாரோ கையால் தொட்டது என்றால் டிசைனில் தப்பு இல்லை. ஆள்தான் தப்பு. ஆளை மாற்றிவிட்டு, டிசைனைப் பாஸாக்கலாம். பச்சைப் பொடி ஒன்றுகூட வெளியே வரவில்லை என்பதற்கு விளக்கே சாட்சி.

குணா ஒன்றும் பேசவில்லை. டிசைன் தப்பித்தது என்ற நிம்மதி போலும் என்று நினைத்தேன். 

செல்வியின் நுழைவு அட்டையை முடக்கினார்கள். தினம் வந்து கேன்டீனில் உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கும் போகக் கூடாது, உள்ளேயும் வரக் கூடாது. முசே அவளிடம் அன்பாகத்தான் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. "தெரியாம பட்டுடுச்சின்னு ஒத்துக்கிட்டுப் போயிடும்மா. நல்லவிதமா சர்டிபிகேட் தரேன்," என்றார்.

செல்வியின் புருஷன் பெயின்டர். வேலை ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. பெண் பிளஸ் டூ. மாதம் பிறந்தால் வருகிற ஒரே காசு செல்வியுடையது. நான் கேன்டீனுக்குப் போய் எதிரே உட்கார்ந்தேன்.

"நீ தொட்டியா?"

"இல்ல மேடம். தொட்டிருந்தா தொட்டேன்னு சொல்லிடுவேன்."

"சரி."

"நம்புறீங்களா?"

"நம்புறதுக்கு எனக்குச் சம்பளம் இல்ல. எங்கேயிருந்து வந்துச்சின்னு தெரியணும்."

இதைவிட ஆறுதலாகப் பேசியிருக்கலாம். எனக்கு வராது.

அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவேண்டும். 'கையாளும்போது ஏற்பட்ட கறை' என்று தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்திருந்தார்கள். அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

கறுப்புச் சட்டை

குழு வந்தது. மூன்று பேர், தலைவி ஓர் அம்மாள். வெட்டிய தலைமுடி, பருத்திப் புடவை, எதையும் இரண்டு முறை கேட்கிற பழக்கம். டப்பாவை மேஜை நடுவில் வெல்வெட் துணியில் வைத்திருந்தார் முசே. நகைக் கடையில் வைப்பது மாதிரி.

முசே ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பச்சைப் பொடி, ஊதா விளக்கு, அருமையான முடிவுகள். கடைசிப் படத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: கையாளும்போது ஏற்பட்ட கறை, ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.

தலைவி அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். "தரக் கட்டுப்பாட்டுக் கையெழுத்து இல்லையே?" என்று தமிழில் கேட்டார்.

"நான்தான் போடணும் மேடம்," என்றேன். "கறை எப்படி வந்துச்சின்னு எனக்குத் தெரியல. தெரியாததுல போடறதில்ல."

முசே என்னைப் பார்த்த பார்வைக்குத் தமிழில் வார்த்தை இல்லை, பிரெஞ்சில் இருக்கலாம். அப்போது குணா எழுந்து நின்றார். அன்றைக்கும் கறுப்புச் சட்டைதான்.

"அது நான் வெச்சது," என்றார்.

"எது?"

"குங்குமம்."

"டப்பா மேலயா?"

"இல்ல மேடம். பந்துக்கு அடியில. பூஜை அன்னிக்கு எல்லாரும் பொரி வாங்கிக்கினு போனப்புறம் அழுக்கு ரூமுக்குப் போயி வெச்சேன்."

முதலில் சிரித்தவர் முசே.

"குணா, உன் மனசு எங்களுக்குத் தெரியும்பா. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடக் கூடாதுன்னு பாக்கற. நல்லது. உக்காரு."

"நெசமாவே நான்தான் வெச்சேன் முசே."

"நீயா? குங்குமமா?" முசே குழுவைப் பார்த்துத் திரும்பினார். "மேடம், இவர் கல்யாணத்துலயே பூஜை கிடையாது."

என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், அது உண்மைதானே. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. இருபது வருஷமாகச் சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர் சாமி கும்பிட்டேன் என்று எழுந்து நின்றால், நம்ப ஒரு ஆள் இல்லை. குணாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

தலைவி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "எப்படி வெச்சீங்க? காட்டுங்க," என்றார்.

குணா வலது கையை நீட்டினார். மோதிர விரலை எதிலோ தொடுவது போல லேசாகத் தொட்டார். கட்டைவிரலால் விரல் நுனியைத் தட்டி அதிகப்படியை உதிர்த்தார். பிறகு கையைத் திருப்பி, கீழிருந்து மேலாக ஒற்றினார். யோசிக்காமல் செய்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொள்கைக்காரனின் கை இல்லை அது, பசு மாட்டுக்கும் ஏருக்கும் வருஷா வருஷம் வைத்துப் பழகிய கை. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"ஏன் வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வெச்சாங்க மேடம். கக்கூஸுக்குத் தண்ணி ஏத்தற மோட்டாருக்குக்கூட வெச்சாங்க. நம்ம ஆளு மட்டும் மொட்டையா உக்காந்துருந்துது. மனசு கேக்கல." கொஞ்சம் நிறுத்தி, "நம்பிக்கை எல்லாம் இல்ல," என்று சேர்த்துக்கொண்டார்.

"யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்க."

"உள்ள போனா வெளிய வராதுன்னு டிசைன் பண்ணதே நான்தான மேடம்."

சொன்ன பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். தலைவி அம்மாள் டப்பாவைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது, முசேவுக்குக் கடைசியில் புரிந்தது. பந்தில் வைத்தது டப்பாவின் வெளியே வந்திருக்கிறது என்றால், செல்வி மேல் தப்பில்லை. தப்பு டிசைனில்தான்.

"வெட்டிப் பாருங்க," என்றார் குணா.

"இது ஒண்ணுதான் இருக்கு!" என்றார் முசே. சுத்தத் தமிழில்.

வகிடு

வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. உள்ளே பொட்டு இல்லை என்றால் குணா பொய் சொன்னார் என்றாகும், செல்வி வீட்டுக்குப் போவாள். பொட்டு இருந்தால் குணாவின் பல வருஷ உழைப்பு வீட்டுக்குப் போகும். தன் மிஷின் தோற்கவேண்டும் என்று ஒரு டிசைனர் வேண்டிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். யாரிடம் வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை.

டப்பாவை இயக்கியவளும் பார்க்கவேண்டும் என்றார் தலைவி அம்மாள். கேன்டீனுக்குப் போய்ச் செல்வியைக் கூட்டிவந்தேன். அவள் அட்டையைக் காட்டினாள், கதவு திறக்கவில்லை. என் அட்டையில் திறந்தேன். உடை மாற்றும் அறையில் பழக்க தோஷத்தில் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். நடந்ததை வழியிலேயே சொன்னேன். அவள் குனிந்து கால் உறையைக் கட்டிக்கொண்டாள்.

மெல்லிய ரம்பத்தால் மூடியின் மேல்புறமாக அறுத்தார்கள், விளிம்பைத் தொடாமல். அதன் சத்தம் பல் ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தியது. மூடியின் வட்டத்தைத் தூக்கி எடுத்து, பந்தை மெதுவாகத் திருப்பினார்கள்.

அடியில் பொட்டு இருந்தது. முழுசாக இல்லை. ஒரு பக்கம் உதிர்ந்து, வியர்வையில் கரைந்த நெற்றிப் பொட்டு மாதிரி இருந்தது. உதிர்ந்த பொடி நேர் கீழே, கிண்ணத்தின் விளிம்பில் விழுந்திருந்தது. அந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் காட்டினார்கள். கிண்ணமும் மூடியும் சேருகிற கோட்டில், உலோகம் உருகிய இடத்தில் மட்டும் கருகி, அதற்கு முன்னும் பின்னும் மெல்லிய சிவப்பு. சுமங்கலியின் வகிட்டில் வைத்த குங்குமம் மாதிரி, நேராக, உள்ளிருந்து வெளியே போயிருந்தது.

மூடி 'டக்' என்று அறைந்த அதிர்ச்சியில் பொடி உதிர்ந்திருக்கிறது. சூடாக்கி உருக்குவதற்கு முன்னால், மயிரிழை இடைவெளியில் சுத்தப் பக்கம் இறங்கியிருக்கிறது. 

"அப்ப பச்சைப் பொடி ஏன் வரல?" என்றார் முசே, கடைசி நம்பிக்கையாக.

அதற்குப் பதில் எனக்கே தெரிந்தது. பச்சைப் பொடியைச் சீராகப் பரவட்டும் என்று ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினோம். காய்ந்து பெயின்ட் மாதிரி ஒட்டிக்கொண்டது, அறைந்தாலும் உதிராது. செவ்வாய்த் தூசியை யாரும் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசி அனுப்பப்போவதில்லை. எங்கள் சோதனை எங்கள் டப்பாவிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டிருக்கிறது.

"இங்க கீழ விழுந்துது," என்றார் தலைவி அம்மாள். "மேல போனா விழாது, நாலு பக்கமும் மிதக்கும். இன்னும் மோசம்." பிறகு குணாவைப் பார்த்து, "நல்ல வேளை," என்றார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை.

மூடி அறையாமல் மெதுவாக அமரும்படி மாற்றி, விளிம்பைப் புதிதாக வடிவமைத்து, மறுபடி அவர்களைக் கூப்பிட எங்களுக்கு வெகு காலம் ஆனது. இடையில் முசே இரண்டு முறை கம்பெனியை விற்கப் பார்த்தார். அதெல்லாம் தனிக் கதை. அந்தத் தடவை சோதனைப் பொடியை உலர்த்தித்தான் தூவினோம். டப்பா இன்னும் எந்தக் கிரகத்துக்கும் போகவில்லை. இம்மாதிரி வேலைகளில் அவசரப்பட்டவர்களை நான் பார்த்ததும் இல்லை.

அன்று சாயங்காலம் குழு கிளம்பிப் போயிற்று. முசே தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உடை மாற்றும் அறையில் நான், செல்வி, குணா மூன்று பேர்தான். குணா பெஞ்சில் உட்கார்ந்து கால் உறையைக் கழற்றாமலே இருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன், இல்லை. எழுந்து செல்வி எதிரில் வந்து நின்றார்.

"மன்னிச்சுடும்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும். டிசைன் போயிடுமேன்னு வாய் வரல. உன்மேல தப்பு இல்லன்னு எனக்கு மொதல்லேருந்தே தெரியும்."

செல்வி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பி, நகங்களைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும் சார்," என்றாள். "எனக்குத்தான் தெரியாம பூடுச்சி. எல்லாரும் சொல்றாங்களே, பட்டிருக்குமோ, பட்டிருக்குமோன்னு இந்தக் கையையே பாத்துக்கினு இருந்தேன். நேத்து எனக்கே ஞாபகம் வந்துடுச்சி, நான் தொட்டேன்னு. எந்த விரலுன்னுகூட ஞாபகம் வந்துடுச்சி சார். இன்னிக்கு நான் வந்ததே ஒத்துக்கிட்டுப் போயிடலாம்னுதான்."